பரிச்சைக் கேசு

கையில என்னா பிளாஸ்திரின்னுதானே பாக்குற? நல்லாப் பாரு தாயி. உள்ள ஊசி இருக்கு, மருந்து ஏத்துற ஊசி. அதக் கழட்டச் சொன்னா சிஸ்டரு நூறு கேள்வி கேக்கும். அதனால முந்தானைய மேல போட்டு மூடிக்கிட்டு, டீ குடிக்கப் போறவ மாதிரி வார்ட விட்டு எறங்கி, நேரா வந்து பஸ் ஏறிட்டேன். ஒட்டிக்கிற சீக்கு இல்ல, நீ தள்ளித் தள்ளி உக்கார வேண்டாம். எனக்கு இருக்கறது வால்வு. மைட்ரல் ஸ்டீனோசிஸ், நார்மல் ரிதம், நோ ஃபெயிலியர். எட்டாப்புப் படிச்சவ இங்கிலீஷ் பேசுறாளேன்னு முழிக்கிறியா? பன்னெண்டு வருசமா டாக்டருக்குப் படிக்கிறவுகளுக்கே நாந்தான் சொல்லிக் குடுக்கேன்.

நான் பரிச்சைக் கேசு. கேள்விப்பட்டதில்லையா? அதான, நம்மளப் பத்தி யாரு வெளிய சொல்றா. டாக்டருக்குப் படிக்கிறதுகளுக்குக் கடைசி வருசம் ஒரு பரிச்சை உண்டு. பேப்பர்ல எழுதுறது இல்ல, ஆளப் பாத்துச் சொல்றது. சீட்டுக் குலுக்கி எடுத்து, பிள்ளைக்கு ஒரு கட்டிலு, கட்டிலுக்கு ஒரு சீக்காளி. முக்கா மணி நேரத்துக்குள்ள கேட்டு, தொட்டு, குழாய வச்சுப் பாத்து என்ன சீக்குன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கப்பறம் பெரிய டாக்டருக ரெண்டு பேரு வந்து நிப்பாக, ஒருத்தர் உள்ளூரு, ஒருத்தர் வெளியூரு. அவுக கேக்கக் கேக்க இதுக பதில் சொல்லணும். இதுக்குச் சும்மா காய்ச்சலு, வயித்துவலின்னு வர்றவுகள வச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்? தரமான சீக்காளி வேணும்ல.

எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு சத்தம் இருக்கு. உருளுற சத்தம். சின்ன வயசுல காய்ச்ச வந்து வால்வு சுருங்கிப்போச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்கையில மூச்சு வாங்கி விழுந்தேன், பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக. அங்க எங்க பெரிய டாக்டரு குழாய வச்சுக் கேட்டாரு. கேட்டவரு மொகத்தப் பாக்கணுமே நீ. எனக்குப் பொண்ணு பொறந்தப்பகூட எங்க வீட்டுக்காரரு மொகம் அப்பிடி மலரல. "இந்தச் சத்தம் மாதிரி நாலு ஜில்லாவுல கெடையாதும்மா"ன்னு சொன்னாரு. அன்னைக்கிருந்து பரிச்சைன்னா வார்டு பாயி போன் போட்டுருவான். "அமராவதியக்கா, தேதி வச்சாச்சு, வந்துருங்க"ம்பான். பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் உண்டு. நானும் ஒரு இஸ்திரி போட்ட சேலையக் கட்டிக்கிட்டுப் போயிருவேன்.

சத்தத்தக் கேக்கறதுக்கு ஒரு வழி இருக்கு தாயி. மல்லாக்கப் படுத்தா ஒரு மண்ணும் கேக்காது. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மார்புக்குக் கீழ குழாயோட சின்ன வாய வச்சுக் கேக்கணும். பாதிப் பிள்ளைக இத மறந்துரும். அஞ்சு வருசம் படிச்சிருக்கும், அப்பன் ஆத்தா வீட்ட வித்துப் படிக்க வச்சிருப்பாக, ஆனா என்னையத் திருப்பிப் போடணும்னு தோணாது. நானே லேசா இடது பக்கம் பொரளுவேன். புத்தியுள்ளது புரிஞ்சுக்கிரும். அப்பவும் புரியலைன்னா காதுல சொல்லிருவேன். மைட்ரல் ஸ்டீனோசிஸ், நார்மல் ரிதம், நோ ஃபெயிலியர். வால்வு சுருக்கம், தாளம் ஒழுங்கு, இதயம் தளரலன்னு அர்த்தம். எழுதிக்கிட்டுக் கும்புடும். இப்பிடி இருபத்திரெண்டு பேரப் பாஸ் பண்ணி விட்டிருக்கேன். எல்லாரும் இப்ப பெரிய டாக்டருக. ரோட்டுல பாத்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாக, அத விடு.

இதுக்கு நடுவுல வந்து சேந்தான் ஒருத்தன். ஜெபின்னு பேரு, நாகர்கோவில் பக்கம். மூணாவது வருசத்துல இருந்தே எனக்குத் தெரியும். காலேஜுல அவன்தான் எல்லாத்துக்கும் செகரட்டரி, படிப்புக்கு மட்டும் இல்ல. கழுத்துல குழாயத் தொங்கவிட்டிருப்பான், எதுக்குன்னா போட்டோ எடுக்க. ஒரு புல்லட்டு வச்சிருந்தான், அது வார்டு வாசல்ல வந்து நின்னா நெஞ்சுவலிக்காரனுக்கெல்லாம் இன்னொரு தடவ வலி வரும். ஆஸ்டல் நாய் ஏழுக்கும் பேரு வச்சு பிஸ்கட்டுப் போட்டு வளத்தான். வார்டுல கெடக்கிறவுக பேரு ஒண்ணு தெரியாது, நாய் பேரு ஏழும் தெரியும்.

எல்லாத்துக்கும் மேல டிரம்ஸு. பாட்டுக் கோஷ்டி ஒண்ணு வச்சிருந்தானுக நாலு பேரு. அதுக்குப் பேரு என்னா தெரியுமா? அப்பெண்டிக்ஸு. கொடல்வாலு. இருந்தாலும் பிரயோசனமில்ல, அறுத்துப் போட்டாலும் நட்டமில்ல, பொருத்தமாத்தான் வச்சிருந்தானுக. இவனுக்குக் கை சும்மா இருக்காது தாயி. பெஞ்சத் தட்டுவான், மாத்திரைத் தட்டத் தட்டுவான், என் கட்டில் கம்பியத் தட்டுவான். சிஸ்டரு கத்துனா சாரி சிஸ்டர்னு சொல்லிக்கிட்டே அந்தச் சாரியையும் தாளத்துலதான் சொல்லுவான்.

கிளாசுக்கு என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சிருப்பாக, வாத்தியார் வர நேரமாகும். அப்ப வந்து பக்கத்துல உக்காந்து திட்டம் போடுவான். "அக்கா, மொதல்ல எம்.டி., அப்பறம் ஹார்ட்டுக்கு மூணு வருசம், அப்பறம் எங்க ஊர்ல சொந்தமா ஆஸ்பத்திரி, மேல் மாடியில டிரம்ஸ் வாசிக்க ஒரு ரூம்பு." நான் கேட்டேன், "ஏன் தம்பி, கீழ படுத்திருக்கவன் இதயம் தாங்குமா?" சிரிக்கிறான். கோவமே வராது அந்தப் பயலுக்கு, அது ஒண்ணுதான் நல்ல கொணம். இதயத்துக்கே டாக்டராகப் போறவன், ஒரு நாளாவது என் இதயத்தக் கேட்டுப் பாத்தியாடான்னா, "நாளைக்கு அக்கா"ம்பான்.

கடைசி வருசப் பரிச்சை வந்துச்சு. அந்தத் தடவ என் கட்டிலு அவனுக்கு விழுகல, வேற கட்டிலு. என்னா பண்ணுனான்னு கேளு. நாடி புடிக்கச் சொன்னா முழுசா ஒரு நிமிஷம் எண்ணணுமாம். யாரும் எண்ண மாட்டாக, எனக்குத் தெரியாதா? பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்கிப் போட்டுட்டுப் போயிருவாக. இவனும் அதத்தான் பண்ணுனான். வெளியூர் டாக்டரு இவன் முன்னாலயே வாட்சப் பாத்து ஒரு நிமிஷம் எண்ணுனாராம். இவன் சொன்னது ஒண்ணு, அவரு எண்ணுனது ஒண்ணு. "நீ கணக்கு வாத்தியார் வேலைக்குப் போ"ன்னு சொல்லிட்டாராம். பெயிலு. கூடப் படிச்சவனெல்லாம் வெள்ளைக் கோட்ட மாட்டிக்கிட்டு வார்டுல ஹவுஸ் சர்ஜன்னு திரியிறான். இவன் ஜூனியர் பிள்ளைகளோட பெஞ்சுல உக்காந்திருக்கான். கை மட்டும் அப்பவும் பெஞ்சத் தட்டுது, ஆனா மெதுவா.

அப்பறம் ஒருநா அவன் அம்மா வந்துச்சு. பாவம், நல்ல பொம்பள. "இந்தத் தடவயும் போச்சுன்னா ரப்பர் தோட்டத்துக்கு வந்துரணும்னு அவனுக்க அப்பா சொல்லிட்டாவ"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. எனக்கு மனசு தாங்கல. நான் இருக்கேன், என் கட்டிலு மட்டும் விழுகட்டும், உங்க பிள்ள பாஸுன்னு சொல்லி அனுப்புனேன்.

விழுந்துச்சு. போன செவ்வாக்கெழம. வந்து நின்னவன் மொகத்துல ரத்தமே இல்ல. கூட சிஸ்டரு நிக்குது, ஆனா அந்த சிஸ்டருக்குக் காது எப்ப கேக்கும் எப்ப கேக்காதுன்னு எனக்குத் தெரியும். நான் மெல்ல, "பயப்படாத தம்பி, எழுதிக்க. மைட்ரல் ஸ்டீனோசிஸ், நார்மல் ரிதம், நோ ஃபெயிலியர்"ன்னேன். வேற யாராயிருந்தாலும் சாமியே வந்துருச்சுன்னு எழுதியிருக்கும். இந்த மகராசன் பேனாவ மூடி பையில போட்டுட்டு, "அக்கா, நானே கேக்குதேன், நீங்க சும்மா சொல்லுங்க"ன்னான்.

சரி கேளுடான்னு நானும் வழக்கம்போல சொன்னேன். எல்லாம் மனப்பாடம் எனக்கு. மூணு மாடி ஏறுனா மூச்சு வாங்கும். கால் வீங்காது. ஒரு தலவாணி வச்சுப் படுப்பேன், படுத்தா மூச்சு முட்டுறவுகதான் ரெண்டு மூணு வைப்பாக. பன்னெண்டு வருசமா இதேதான், ஒரு எழுத்து மாறாது. இந்தப் பய எழுதாம என் மொகத்தையே பாக்குறான். பாத்துட்டு, "அக்கா, நேத்து ராத்திரி எத்தன தலவாணி வச்சியோ?"ன்னான். எனக்கு அது என்னன்னு யோசிக்கத் தோணல, மூணுன்னுட்டேன். சொன்னதுக்கப்பறந்தான் நாக்கக் கடிச்சேன். எங்க வீட்டுத் தலவாணி தாயி, பஞ்சு அமுங்கிப்போன தலவாணி, மூணு வச்சாத்தான் ஒண்ணு. அதக்கூட வெளக்கமாச் சொன்னேன். "தண்ணிக் குழாயடிக்கு எத்தன தடவ நின்னு போவியோ?"ன்னான். எங்க தெரு மேடு, எல்லாரும்தான் நிப்பாக.

அப்பறம் நாடியப் புடிச்சான். நான் பதினஞ்சு செகண்டுல விட்டுருவான்னு பாத்தேன். விடல. ஒரு கை என் மணிக்கட்டுல, இன்னொரு கை அவன் தொடையில தட்டுது, நாடிக்குத் தக்கன தட்டிப் பாக்குறான். தட்டுறான், நிக்குது. மறுபடி தட்டுறான், மறுபடி நிக்குது. ஒரு நிமிஷம் ஆச்சு, மறுபடி மொதல்லருந்து. குழாய நெஞ்சுல வச்சுக்கிட்டு நாடியையும் சேத்துப் புடிச்சுப் பாத்தான். அந்தக் கை நிக்கறத நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல. "அக்கா, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் கணக்கே இல்ல கேட்டியளா. தாளம் தப்புது"ன்னான்.

எனக்கு வந்துச்சே கோவம். எனக்கா தாளம் தப்புது? பன்னெண்டு வருசம் எத்தன டாக்டரு கேட்டிருக்காக, எத்தன பேரு எழுதியிருக்காக, நார்மல் ரிதம்னு. பெரிய டாக்டரு கையில வச்சிருக்க விடைத்தாள்லயே அப்பிடித்தான் இருக்கு, வருசாவருசம் அதே பேப்பரு. நாய்க்குப் பேரு வைக்கிற பய நீ, எனக்குத் தாளம் சொல்றியா? "தம்பி, உன் அம்மா அழுத அழுகைக்காகச் சொல்றேன், நார்மல்னு எழுதிரு"ன்னேன். "இல்லக்கா, எனக்க காது பொய் சொல்லாது"ன்னுட்டான். நான் பாஸ் பண்ணி விட்ட இருபத்திரெண்டு பேர்ல ஒருத்தர்கூட என் பேச்சத் தட்டுனதில்ல தாயி.

பெரிய டாக்டருக வந்தாக. இவன் ஒப்பிச்சான், வால்வு சுருக்கம், தாளம் தப்புது, அதுக்கு என்னமோ ஒரு பேரு, ஃபிப்ரின்னு ஆரம்பிக்கும், எனக்கு அது வாயில வராது, வரவும் வேண்டாம். எங்க டாக்டரு சிரிச்சாரு. "நம்ம அமராவதிக்கா? போன தடவ பெயிலானது பத்தலையா?"ன்னாரு. எனக்கு ஒரு பக்கம் பாவமா இருந்துச்சு, ஒரு பக்கம் நல்லா வேணும்னும் இருந்துச்சு. வெளியூர்லருந்து வந்தது ஒரு பொம்பள டாக்டரு. அது சிரிக்கல. வந்து என் கையப் புடிச்சுச்சு. புடிச்சது புடிச்சபடியே நிக்குது. அப்பறம், "சார், நீங்க கொஞ்சம் பாருங்க"ன்னுச்சு. எங்க டாக்டரு புடிச்சாரு. அவரு சிரிப்பு அப்பிடியே அடங்கிப்போச்சு. பரிச்சை நடக்கையிலயே மிஷினக் கொண்டாந்து நெஞ்சுல ஒயர ஒட்டி, காகிதத்துல கோடு கோடா எடுத்தாக. அதப் பாத்துட்டு எங்க டாக்டரு என்கிட்ட, "எப்பருந்தும்மா படபடப்பு இருக்கு, ஏன் சொல்லல?"ன்னு கேட்டாரு. நல்லாருக்கே கதை. நீங்க கேட்டா சொல்லியிருக்க மாட்டேனா?

அவன் பாஸு. சும்மா பாஸில்ல, என் கட்டில்ல பரிச்சை எழுதுனதுலயே அவந்தான் மொத மார்க்காம். நான் சொன்னத எழுதாதவனுக்கு மொத மார்க்கு. என்னா படிப்போ என்னா பரிச்சையோ.

எனக்குத்தான் பெயிலு. அன்னைக்கே படுக்கையப் போட்டுட்டாக. ரத்தம் கட்டாம இருக்க ஊசியாம். திங்கக்கெழம தொடை வழியா பலூன விட்டு வால்வ விரிச்சு விடப் போறாகளாம். இல்லைன்னா நெஞ்சுல ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போயி கை கால் இழுத்துக்கிருமாம், ஆளே போனாலும் போயிருமாம். நாலு வருசத்துக்கு முன்னாலயும் இந்தப் பலூனத்தான் சொன்னாக. இந்தப் பரிச்சை முடியட்டும், அந்தப் பரிச்சை முடியட்டும்னு நானும் தள்ளிக்கிட்டே வந்துட்டேன். இப்ப நான் எங்க டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "சார், அதுக்கப்பறம் சத்தம் இருக்குமா?" அவரு சந்தோசமாச் சொல்றாரு, "கொறஞ்சிரும்மா, போனாலும் போயிரும். இனிமே நீங்க பரிச்சைக்கெல்லாம் வர வேண்டியதில்ல."

வர வேண்டியதில்லையாம். உனக்குப் புரியுதா தாயி? எங்க வீட்டுக்காரரு வேலையிலருந்து வந்தா சோறுன்னு ஒரு வார்த்த, வெத்தலன்னு ஒரு வார்த்த. பொண்ணத் திருப்பூர்ல கட்டிக் குடுத்தேன், போன்ல நல்லாருக்கியாம்மான்னு கேட்டுட்டு நான் பதில் சொல்றதுக்குள்ள வச்சுரும். இந்தப் பரிச்சையிலதான் ஒரு பிள்ள பக்கத்துல உக்காந்து, எப்பருந்து வலி, எப்பிடித் தூங்குறீங்க, பசிக்குதா, பயமா இருக்கான்னு முக்கா மணி நேரம் கேக்கும். மார்க்குக்காகத்தான் கேக்குது, தெரியாமலா? தெரிஞ்சாலும் எனக்கு அது வேணும். சத்தம் போச்சுன்னா என்னைய யாரு கூப்பிடுவா, சொல்லு. சரியாப்போன சீக்காளிக்கு அங்க என்ன வேல?

அந்தப் பய நேத்துப் பூரா கட்டில்கிட்டயே உக்காந்திருக்கான். பாஸான கையோட ஊருக்குப் போயி கொட்டடிக்க வேண்டியதுதான? "நீங்க பயப்படாண்டாம்க்கா, நான் கூடவே இருப்பேன்"ங்கிறான். "நீதான் பாஸாயிட்டல்ல, போடா"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இன்னைக்கு அவன் சாப்பிடப் போன நேரம் பாத்து எறங்கி வந்துட்டேன். ஆகஸ்டுல பெயிலான பிள்ளைகளுக்கு இன்னொரு பரிச்சை இருக்கு. அஞ்சு பேரு. "அக்கா, நீங்க வந்தாத்தான்"னு கும்புட்டுச் சொல்லியிருக்குதுக. அது முடியட்டும், பலூனோ பட்டமோ விட்டுக்கிறட்டும். ஆகஸ்டு வரைக்கும் எனக்கு என்னா வந்துறப் போகுது. எல்லாம் அவன் கெளப்பி விட்டது. எனக்கு நாடி ஒழுங்காத்தான் அடிக்குது.

நம்பலையா? நீயே புடிச்சுப் பாரு. இந்தக் கையி, பிளாஸ்திரி இல்லாதது. பெருவிரலுக்குக் கீழ, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி. ஆங், அங்கதான். போன்ல நேரம் பாத்துக்க. பதினஞ்சு செகண்டு பத்தாது, முழுசா ஒரு நிமிஷம். எண்ணு, நான் பேசல.

என்னா, மறுபடி மொதல்லருந்தா?

பஸ்சு ஆடுதா? பஸ்சு நின்னுதான தாயி இருக்கு. டிரைவரு டீ குடிக்கப் போயிருக்காரு.

என்னா என் மொகத்தையே பாக்குற. ஒரு வார்த்த சொல்லேன். ஒழுங்காத்தான இருக்கு?

சரி, சொல்லாத. கைய மட்டும் எடுக்காத, கொஞ்ச நேரம் அப்பிடியே இருக்கட்டும். எனக்குத் தெரியும் தாயி. ஆறு மாசமாத் தெரியும். படுத்தா தலவாணிக்குள்ள எனக்கே கேக்குது, தெரியாம இருக்குமா. ஓடும், நிக்கும், ஓடும். நின்னா அடுத்தது வருமா வராதான்னு முழிச்சுக்கிட்டே கெடப்பேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல. பயமாத்தான் இருக்கு.

கண்டக்டரு தம்பி, டவுனுக்குத் திரும்பிப் போற பஸ்சு எங்கன நிக்கும்? எதுத்தாப்புலயா? சரி, நான் எறங்கிக்கிறேன். இல்லப்பா, டிக்கெட்டு கெடக்கட்டும்.

அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடு தாயி. படி எறங்குற வரைக்கும் கையப் புடிச்சுக்க. அவன் சொன்னதுக்காகப் போறேன்னு நெனச்சுறாத, நீ சொன்னதுக்காகத்தான் போறேன். நீ ஒண்ணுமே சொல்லலையா? அதத்தான் சொல்றேன். அந்தப் பய ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேட்டான்னா, பஸ்சு பிரேக்டவுனாயிருச்சு, அதான் திரும்பி வந்தேன்னு சொல்லிக்கிறேன்.